ஈரம் காயாத பக்கம்

"நல்லவேளை, இடது கையோட போச்சு."

மருத்துவமனையின் மூன்றாம் மாடி அறைக்கு வந்த எல்லோரும் இதையே சொல்லிவிட்டுப் போனார்கள். எலும்பு டாக்டர் சொன்னார். பூங்கொத்தோடு வந்த பதிப்பாளர் அம்மா சொன்னார். சுருட்டையும் உள்ளே நுழைந்த வேகத்தில் அதைத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தான். பேசாமல் வெளியிலேயே நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

இடது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரே கட்டாக இருந்தது. அவளுக்கு முப்பது வயதிருக்கும். யார் என்ன கேட்டாலும் ஜன்னலைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வற்புறுத்தவில்லை. போலீஸ் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்துப் பல வருஷமாகியும் அவருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. பழைய புத்தகக் கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்த சுருட்டையை உதவிக்குச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். சுருட்டைக்குத் தலை நிறைய முடி, வாய் நிறையக் கிண்டல். ஆனால் இந்த வழக்கில் காலையிலிருந்தே அவன் வாய் பாதிதான் வேலை செய்தது. காரணம், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மனிதர்.

அவளுடைய அப்பா. அவர்தான் பெரிய ஓவியர். சாம்பலானைப் படைத்தவர். எரிந்த வீட்டின் சாம்பலிலிருந்து எழுந்து, சாம்பல் நிற அங்கியோடு தீக்குள் பாய்ந்து மனிதர்களைத் தூக்கி வருகிற அந்தப் படக்கதை வீரனைச் சுருட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலிருந்தே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அதை வரைந்த கையை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பான் என்று நினைத்ததே இல்லை.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு மேசையிலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கியிருக்கா" என்றார் ஓவியர். "பின்னாலேர்ந்து வந்து தலையில துணிப்பையைக் கவுத்திருக்கான். காகிதத்துக்கு மேல வைக்கிற இரும்புக் கட்டை இருக்கே, அதை எடுத்து..." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் வெளிய போயிருந்தேன். வந்து பார்த்தா மேசையெல்லாம் ரத்தம்."

"அவங்க அங்க என்ன வேலை பார்ப்பாங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"நான் வரைஞ்சதுக்குக் கலர் அடிப்பா. வலது கை தப்பிச்சுது. இனிமேலும் அடிக்கலாம், அந்த மட்டும் புண்ணியம்." கைக்குட்டையைப் பிரித்து ஒரு பழைய பிரஷ்ஷை நீட்டினார். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. முனை முழுக்கப் பல் தடம். "இது மேசைக்கு அடியில கிடந்துச்சு. கத்தின்னு ஒருத்தன், பிரஷ்ஷைக் கடிக்கிற பழக்கம் அவனுக்குத்தான் உண்டு. என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன். இப்ப அவன் வரையற சாம்பலானுக்குத்தான் பசங்க விசிலடிக்கிறாங்க. அதுவும் போதல அவனுக்கு."

"உங்க மேல பொறாமைன்னா உங்க கையை இல்ல உடைச்சிருக்கணும்?"

"என் மனசை உடைக்கப் பார்த்திருக்கான்."

சுருட்டைக்குக் கண் கலங்கியது. இன்ஸ்பெக்டரம்மா பிரஷ்ஷை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வராந்தாவில் ஒரு நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் சொந்தமா? ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தக் கையைக் கழுவறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடுச்சு. சுண்டு விரல் ஓரமெல்லாம் கறுப்பு மை. தோலோட ஊறிக் கிடக்கு."

"இன்னொரு கையில?"

"அது பளிச்சுன்னுதான் இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மா நன்றி சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார். சுருட்டை பின்னாலேயே ஓடினான். "கத்தியைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுதுக்கா. பல் தடத்தோட பிரஷ்ஷை விட்டுட்டுப் போறான் பாருங்க. இன்னும் கொஞ்சம் விட்டா போட்டோ ஒட்டி விலாசமும் எழுதி வச்சிருப்பான்."

"அதான்டா எனக்கும் உறுத்துது" என்றார் அவர்.

*

கத்தி ஒரு வண்டிப் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தான். ஒல்லியான ஆள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவன் வரைந்த சாம்பலான் சுவர் முழுக்க நின்றிருந்தான். எல்லாப் படத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் காப்பாற்றிய குழந்தைகளே அவனைப் பார்த்துப் பயந்து ஒடுங்கியிருந்தன.

"தீயிலேர்ந்து வந்தவன் வேற எப்படி இருப்பான்?" என்றான் கத்தி. "வலிக்கும். வலிச்சா கோபம் வரும். யாரைத் தூக்கிட்டு வந்தாலும் அந்தக் கோபம் போகாது."

"நல்லா இருக்கு" என்றான் சுருட்டை. "காப்பாத்தினாக்கூட கம்ப்ளெயிண்ட் கொடுக்கலாம் போல."

இன்ஸ்பெக்டரம்மா பிரஷ்ஷை எடுத்து வைத்தார். கத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னுதுதான். நூல் நான் சுத்தினது. ஆனா இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு? நான் பிரஷ்ஷைத் தொட்டே பல வருஷம் ஆச்சு." மேசையிலிருந்த, கம்ப்யூட்டரில் வரைகிற கண்ணாடிப் பலகையைத் தட்டினான். "எல்லாமே இதுலதான்." பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பேனாவை எடுத்துக் காட்டினான். அதன் முனை சப்பிப் போட்ட கரும்பு மாதிரி இருந்தது.

"பிளாஸ்டிக்கையுமா விட்டு வைக்கல?" என்றான் சுருட்டை. "வீட்ல ரிமோட் எல்லாம் முழுசா இருக்கா?"

"இந்தப் பிரஷ் அவர் வீட்ல இருந்துச்சு. என் மேசையில. துரத்தினப்ப எதையும் எடுத்துக்க விடல."

"ஏன் துரத்தினார்?"

கத்தி தோளைக் குலுக்கினான். "அவர் அறைக்கதவைத் தட்டாம திறந்துட்டேன். அந்தக் கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். திறந்தா அவர் சாய்வு நாற்காலியில தூங்கறார். பொண்ணு மேசையில உட்கார்ந்திருக்கா. எனக்கு முதுகைக் காட்டிட்டு. சத்தம் கேட்டு எழுந்தவர் நாயைத் துரத்தற மாதிரி துரத்தினார்."

"பொண்ணு என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"கலர் அடிச்சிட்டு இருந்திருப்பா." சொன்னவன் அப்படியே நிறுத்தினான். பேனா வாய்க்குப் போனது, திரும்பி வந்தது. "இல்லையே. கலர் புட்டியெல்லாம் வெளிய என் மேசையில இல்ல இருந்துச்சு."

*

சாம்பலானின் வெள்ளிவிழாக் கண்காட்சி ஒரு பெரிய கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. பகல் நேரம், கூட்டம் இல்லை. நாலைந்து ஓவியர்கள் தங்கள் தங்கள் சாம்பலானை வரைந்து மாட்டியிருந்தார்கள். சுருட்டை வழிகாட்டி மாதிரி முன்னால் நடந்தான்.

"இது பஞ்சு வரைஞ்சது. குழந்தைங்க புத்தக ஆள். பாருங்க, தொப்பை. அங்கியில பாக்கெட். அதுக்குள்ள மிட்டாய். இந்தச் சாம்பலான் தீக்குள்ள போனா முதல்ல மூச்சு வாங்கும். இது கட்டடம் வரைஞ்சது. அந்த ஆள் முன்னாடி வீட்டுக்கு பிளான் போட்டுட்டு இருந்தவர். ஒவ்வொரு செங்கல்லும் தெரியுது. சாம்பலானைத்தான் காணோம். அதோ அந்த எறும்பு அவன்தான்."

"உனக்குப் பிடிச்ச சாம்பலான் எது?"

சுருட்டை பதில் சொல்லாமல் உள் சுவருக்கு அழைத்துப் போனான். பெரிய ஓவியரின் அசல் பக்கங்கள் வரிசையாக, ஆரம்ப இதழிலிருந்து இன்றுவரை மாட்டியிருந்தன. நடுவில் ஒரு பக்கத்தின் முன் நின்றான். எரிகிற பாலத்தின் மேல் சாம்பலான் ஒரு கிழவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற படம்.

"இதுலேர்ந்துதான்க்கா. இதுக்கு முன்னாடியும் பிடிக்கும். ஆனா இதுக்கு முன்னாடி வர்ற சாம்பலான் யாரைக் காப்பாத்தினாலும் நம்மளைத்தான் பார்ப்பான். போஸ் கொடுப்பான். இந்த இதழ்லேர்ந்துதான் தூக்கிட்டு வர்ற ஆளோட முகத்தைப் பார்க்க ஆரம்பிச்சான். எங்க அம்மா செத்துப்போன வருஷம் இது. நான் இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பர்ஸ்ல வச்சிருந்தேன்."

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் படக்கதை என்றால் காத தூரம். முகத்தை விட்டுவிட்டு அங்கியின் நிழலுக்குப் போட்டிருந்த கோடுகளைப் பார்த்தார். பாலத்துக்கு முந்தைய பக்கத்துக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"சுருட்டை, இந்த அட்டை பின்னாடி வேகமா சாய்ஞ்ச கோடு போடு. யோசிக்காம. நிழல் அடிக்கிற மாதிரி."

அவன் சரசரவென்று போட்டான். கோடுகளின் தலையெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் பெண் இடது கையால் கிறுக்கிக்கொண்டிருந்ததை இன்ஸ்பெக்டரம்மா வரும்போதே கவனித்திருந்தார். அவளிடமும் அட்டையை நீட்டினார். அவள் போட்ட கோடுகள் இடது பக்கம் சாய்ந்து விழுந்தன.

அட்டையைச் சுவரருகே பிடித்தார். பாலம் வரை எல்லா நிழலும் வலது சாய்வு. பாலத்திலிருந்து எல்லாம் இடது சாய்வு.

சுருட்டை அட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான். "பெரியவருக்கு வலது கைப் பழக்கம்தானே? ஆஸ்பத்திரியில மூக்கு துடைச்சது, பிரஷ்ஷைக் கொடுத்தது எல்லாம்..."

"வலது கை. நடுங்குது, கவனிச்சியா? அழுகையில நடுங்குதுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு எழுதறது, சாப்பிடறது வலது கையால இருக்கலாம். வரையறது எந்தக் கைன்னு அந்த நர்ஸ் சொல்லிட்டா. இடது கைக்காரங்க எழுதினா சுண்டு விரல் ஓரம் ஈர மையிலதான் உரசும்."

"அப்ப நான் பர்ஸ்ல வச்சிருந்தது..."

"அவ வரைஞ்சது."

சுருட்டை தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இன்ஸ்பெக்டரம்மா விடவில்லை. "யோசிச்சுப் பாரு. ரெண்டு கையையும் மடிச்சு அது மேல தலை வச்சுத் தூங்கறவளை அடிக்க வர்றவன், இடது கையை மட்டும் தேடி வெளிய இழுத்து, விரிச்சு வச்சு அடிச்சிருக்கான். ஊரெல்லாம் நல்லவேளைன்னு சொல்ற கையை. அவ எந்தக் கையால வரையறான்னு உலகத்துல யாருக்குத் தெரியும்?"

"வேண்டாம்க்கா."

"கடைசியா வந்த பக்கம் எது?"

வரிசையின் முடிவில் மாட்டியிருந்தது. பதிப்பாளர் அம்மாவே வந்து சொன்னார், மகளுக்கு அடிபட்ட மறுநாள் அந்த வேதனையிலும் பெரியவர் முடித்துக் கொடுத்தனுப்பிய பக்கம் அது என்று. மேடையில் ரசிகர்கள் முன்னால் ஓவியர்கள் வரைந்து காட்டுகிற நிகழ்ச்சிக்கு மட்டும் வர முடியாது, மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். "பாவம், எந்த அப்பாவுக்குத்தான் முடியும்?" என்றார்.

படத்தில் சாம்பலான் இடிந்த மாடிப்படியில் ஒரு சிறுமியோடு உட்கார்ந்திருந்தான். அங்கி முழுக்க இடது பக்கம் சாய்ந்த கோடுகள், மழைபோல. கீழ் மூலையில் மட்டும் கோடு திசை மாறியது. வலது பக்கம் சாய்ந்து, தடித்து, நடுங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது. அந்த மூலைக்குக் கீழே பெரிய ஓவியரின் கையெழுத்து.

"இந்தப் பக்கம் ரெண்டு கை மாறியிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மேசையெல்லாம் ரத்தம்னார். அவ அன்னிக்கு வரைஞ்சிட்டு இருந்த பக்கம் இதுதான்னா, இதுல ஏன் ஒரு பொட்டு இல்ல?"

*

அதைத்தான் அவளிடம் கேட்டார். அறையில் ஓவியர் இல்லை. மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"அடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டாங்க" என்றாள்.

"என்ன எடுத்துட்டாங்க?"

"பக்கத்தை. அது மேலதான் கை வச்சுத் தூங்கிட்டு இருந்தேன். தலையில பை விழுந்ததும் முழிச்சிட்டேன். பயத்துல கத்தக்கூட வரல. கையை இழுத்தாங்க. அப்புறம் அதுக்குக் கீழ இருந்த பக்கத்தை மெதுவா, ரொம்ப மெதுவா உருவினாங்க. கீழ்ப்பக்கம் மை காயாம இருந்துச்சு. அது கலைஞ்சிடக் கூடாதுன்னு." அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "திருடன் அப்படி எடுக்க மாட்டான். கத்தியா இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பான். ஈரப் பக்கத்தை ரெண்டு ஓரத்துலயும் பிடிச்சு எப்படி எடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க அப்பா. பக்கத்தைப் பத்திரமா ஓரமா வச்சுட்டு வந்துதான் அடிச்சார். ஒரு தடவை இல்ல."



"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"மேடையில நானும் வரையப் போறேன்னு சொன்னேன். என் பேரைப் போட்டு. அவர் கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான்தான் வரையறேன். வெளிய தெரிஞ்சா அவமானம்னு கதவைச் சாத்தி வச்சார். சரின்னு இருந்தேன். போன மாசம்தான் இனிமே முடியாதுப்பான்னு சொன்னேன். அவர் கோபப்படல. சாப்பிட்டியான்னு கேட்டார்."

"கத்தியை உள்ள தள்ளத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கார். அது தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"சொன்னா யார் நம்புவாங்க? நல்லவேளை இடது கைன்னு நீங்களே சொன்னீங்களே." அவள் சுருட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

 

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"விரல் மடங்காதுன்னு சொல்லிட்டார். டம்ளர் பிடிக்கலாமாம்."

போலீசில் வாக்குமூலம் கொடுக்கச் சம்மதிக்கிறாளா என்று கேட்டதற்குச் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு, "எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். "அவரைக் கூட்டிட்டுப் போறது மேடைக்கு அப்புறமா இருக்கட்டும். அவர் வரையணும். எல்லார் முன்னாடியும். நான் முதல் வரிசையில உட்கார்ந்திருக்கணும்."

 இன்ஸ்பெக்டரம்மா வேண்டாம் என்று சொல்வார் என்றே சுருட்டை எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை.

*

விழா மேடையில் வெள்ளைப் பலகை நிறுத்தியிருந்தார்கள். கூடம் நிறையப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த பெற்றோர்கள், சாம்பல் நிறத் துண்டைக் கழுத்தில் கட்டிய பெரிய பெரிய ஆட்கள். பஞ்சு வரைந்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். கத்தி வரைந்தான், பின்வரிசையில் விசில் பறந்தது. மகள் வற்புறுத்தி அழைத்ததால் வந்திருந்த பெரிய ஓவியர் பார்வையாளராக மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு. அவள் தோளில் அவர் கை போட்டிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

பதிப்பாளர் அம்மா மைக்கைப் பிடித்தார். "நம்ம பெரியவரோட பொண்ணு ஒரே ஒரு ஆசை சொல்லியிருக்காங்க. அப்பா கையால ஒரு சாம்பலான். எனக்காக வரைவாருன்னு சொல்லியிருக்காங்க."

கூடமே எழுந்து கைதட்டியது. ஓவியர் மகளைப் பார்த்தார். அவள், "போங்கப்பா" என்றாள்.

அவரால் மறுக்க முடியவில்லை. படியேறினார். கையில் தடித்த கறுப்புப் பேனாவைக் கொடுத்தார்கள். முதல் கோடு நெற்றி. அது நெளிந்தது. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு இரண்டாவது கோடு போட்டார். தாடை கோணிக்கொண்டு போயிற்று. கைதட்டல் ஓய்ந்து, கூடம் அமைதியானது. ஒரு கண்ணை வரைந்தார், இன்னொன்று கன்னத்தில் வந்து விழுந்தது. அங்கிக்குக் கோடு போடப் போனபோது பேனா பலகையில் தடதடவென்று அடித்துக்கொண்டது.

"இது யாரும்மா?" என்று ஒரு குழந்தை கேட்டது. அருகிலிருந்த சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. உடம்பு சரியில்லை போல, விடுங்க என்று யாரோ சொன்னது அதில் அமுங்கிப்போனது.

சுருட்டை சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த மனிதரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியவன் அவன். இப்போது அவர் படுகிற பாட்டைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஓவியர் பேனாவை மூடிவிட்டுத் திரும்பினார். மேடையின் ஓரத்தில் இன்ஸ்பெக்டரம்மா நின்றிருந்தார், பக்கத்தில் மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. மகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. அவள் பெயராக இருக்கலாம்.

அவள் எழுந்து மேடையருகே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் கோட்டை இடது பக்கம் சாய்க்கணும்ப்பா."

அவர் அசையவில்லை.

"முடிச்சுட்டுப் போங்க. இன்னும் கை வரையல நீங்க. ரெண்டு கையும் வரையணும், அஞ்சஞ்சு விரலும் வரணும்."

போலீஸ்காரர் ஒருவர் முன்னால் நகர்ந்தார். இன்ஸ்பெக்டரம்மா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். ஓவியர் பேனாவின் மூடியைத் திறந்தார். பலகைப் பக்கம் திரும்பி விரல்களை வரைய ஆரம்பித்தார்.

பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறத் தொடங்கினார்கள். விளக்குக்காரர் மேடை விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள். கடைசி விரல் முடிகிற வரை அவள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.